ஒரே கொலை, இரண்டு பேச்சு

சேலம் ஐந்து ரோடு டீக்கடையில் பக்கத்தில் நின்ற பையன், அமெரிக்காவில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் சுடப்பட்ட காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். அவன் டீயில் ஆடையே படிந்துவிட்டது.

கொலை நடந்தது 2025 செப்டம்பர் 10. அன்றிரவே, ஆள் பிடிபடும் முன்பே, தீவிர இடதுசாரிகளின் பேச்சுதான் காரணம் என்றார் அதிபர் டிரம்ப். கொலை நடந்த யூட்டா மாநிலத்தின் ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸும் டிரம்பின் கட்சிதான். சந்தேக நபர் பிடிபட்டதை 12ஆம் தேதி அறிவித்தவர், சமூக ஊடகத்தைப் புற்றுநோய் என்றார். அதை மூடிவிட்டு வீட்டாரைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

டிவி? அப்புறம் அதில், இந்தக் கொலையை ஒட்டிப் பேசியதற்காக நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஏபிசி சேனல் சில நாள் நிறுத்தியதுதான் பேச்சு.

எனக்குக் காக்ஸ் வழிதான் சரி. கிர்க்கின் கருத்துகள் பல எனக்கு ஒவ்வாதவை. ஆனாலும் 31 வயது, இரண்டு சின்னக் குழந்தைகள்.

"தம்பி, போதும்ப்பா" என்றேன். நிறுத்தினான்.