ஙப்பிக்குப் பதில் எது? பெபோவா, காளான் பொடியா, கடற்பாசியா

தீமிதிக்கு விரதம் இருந்த வருடம் மீன், கறி இரண்டையும் நிறுத்தினேன். விரதம் முடிந்து வீட்டில் எல்லோரும் ஆட்டுக்கறி வைத்துச் சாப்பிட்டபோது எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. ஆட்டுக்கறியை ஒரு நாளும் தேடியதில்லை, கோழியும் அப்படித்தான். ஆனால் ரங்கூனில் பிறந்து வளர்ந்த நாக்கு, மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைக்கும் ஙப்பியை அவ்வளவு சுலபமாக விடவில்லை. முதல் ஆறு மாதம் பக்கத்து வீட்டில் பலாச்சாங் (காய்ந்த இறாலும் ஙப்பியும் போட்ட தொக்கு) வறுக்கும் வாசனை வந்தால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

இங்கே ஙப்பி இல்லாத சமையல் ஏது? புளிச்சக்கீரையும் மூங்கில் குருத்தும் வதக்கினால் அதில் ஒரு கட்டி. லப்பெட்டோ என்ற தேயிலைக் கலவையில் காய்ந்த இறால். வெறும் சுரைக்காய் சூப் என்று கடையில் வாங்கினாலும் அடியில் இறால் தூள் கிடக்கும், இல்லாவிட்டால் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். வாசோ மாதப் பௌர்ணமியோடு பௌத்த விரதக் காலம் பிறந்தால் பர்மியர்களிலேயே நிறையப் பேர் மூன்று மாதம் சைவமாக இருப்பதால் ‘தெத்தத்லு’ என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். உயிர்க்கொலை இல்லாதது என்று பொருள். மற்ற மாதங்களில் நாமே கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆகையால் வீட்டில் சமைக்க ஙப்பிக்குப் பதிலாக ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. எனக்கு அகப்பட்டதையெல்லாம் வாங்கிப் பார்த்தேன்.

சீனர்களின் சைவக் கடைகளில் விற்கும் சோயா மீன், சோயா இறைச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்வைக்கு மீன் துண்டு மாதிரியே இருக்கும், மெல்லவும் நன்றாக இருக்கும். நான் தேடியது துண்டை அல்ல, வாசனையை. கடலை மாவில் கிண்டும் ஷான் தோஃபு எனக்கு உயிர், வாரம் இரண்டு முறை பொரிக்கிறேன். ஆனால் அதற்கென்று தனிச் சுவை கிடையாது, தொட்டுக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடற்பாசியை இரண்டே முறைதான் சமைத்தேன், அதனால் அதைப் பற்றி அடித்துப் பேசமாட்டேன். 1908-இல் ஜப்பானில் கிகுனாயே இக்கேடா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்துதான் குளுட்டமேட் என்ற பொருள் தரும், இறைச்சிச் சாறு மாதிரியான சுவையைக் கண்டறிந்தார். நம் ஊரில் எல்லாக் கடையிலும் தூவும் அச்சோமோன் என்ற சுவையூட்டும் உப்பு அதன் வழியில் வந்ததுதான். கடல் வாசனை வேண்டுமென்றால் இதை விட்டால் வேறில்லை. ஆனால் எங்கள் பக்கம் எப்போதும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் தெளிவான, மெல்லிய சூப் வந்தது. எண்ணெயில் போட்டு வறுத்தபோது கருகிவிட்டது.

காளான் பொடியை மட்டும் எட்டு மாதம் விடாமல் பயன்படுத்தினேன். காய்ந்த ஷிட்டாக்கே காளானை வெறும் சட்டியில் சூடாக்கி, மிக்ஸியில் அரைத்து, சோயா சாறும் உப்பும் சேர்ப்பது. காய்ந்த ஷிட்டாக்கேயில் குவானிலேட் என்ற பொருள் உண்டு, அது மற்ற சுவைகளைத் தூக்கிக் கொடுக்கும். காய்கறி சூப்புக்கு இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன். வீட்டில் நாற்றம் என்று யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் ஙப்பியின் இடத்தில் வைத்தால் இனிப்புத் தட்டுகிறது. புளிச்சக்கீரையில் போட்டுப் பார்த்தேன். கீரை ஒரு பக்கம் இழுத்தது, காளான் ஒரு பக்கம் இழுத்தது. அப்புறம் மழை. அதற்கு வருகிறேன்.

பெபோவை எனக்குக் காட்டியது காய்கறிச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஷான் பெண். ஷான் மாநிலத்துத் தவுஞ்ஜி பக்கத்திலிருந்து வந்தவர், நான் அமா (அக்கா) என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஞீமா (தங்கை) என்பார். ஙப்பி இல்லாமல் கீரை ருசிக்கவில்லை என்று அவரிடம் சொன்னபோது, உள்ளங்கை அகலத்தில் அப்பளம் மாதிரி ஒரு பழுப்பு வட்டை எடுத்து, இரண்டாக ஒடித்து, மூக்குக்கு நேரே நீட்டினார். எனக்கு ஒரு நொடி கண் கலங்கிவிட்டது. ஙப்பியே அல்ல, ஆனால் ஙப்பிக்குக் கூடப் பிறந்தது.

பெபோ என்றால் அழுகிய பயறு என்று அர்த்தம். ஷான் மொழியில் துவானோ என்பார்கள், அதற்கும் அதே அர்த்தம்தான். சோயாவை ஊறவைத்து, குழைய வேகவைத்து, இலையில் பொதிந்தோ மூங்கில் கூடையில் மூடியோ இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். அப்புறம் உப்பும் மிளகாயும் சேர்த்து இடித்து, வட்டமாகத் தட்டி வெயிலில் காயவைப்பார்கள். ஜப்பானியர்களின் நட்டோவைப் புளிக்கவைக்கும் அதே வகை பாக்டீரியாதான் இங்கேயும் வேலை செய்கிறது. ஙப்பியில் மீனின் புரதம் உடைகிறது, பெபோவில் பயறின் புரதம் உடைகிறது. உடைந்து வருவது இரண்டிலும் அதே குளுட்டமேட். காளான் துணைக்கு நிற்கும் சுவை என்றால் பெபோ தானே முன்னால் நின்று பேசும் சுவை.

சுவையில் இருவருக்கு இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் என் சமையலறையில் தீர்ப்புச் சொன்னது சுவை அல்ல, கெடாமல் நிற்பதுதான். மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. சுவர் வியர்க்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். கரண்டோ முறை வைத்து வருகிறது. தெருவில் பிள்ளைகள் ‘மீ லாபி’ என்று கத்தினால்தான் வந்துவிட்டது என்று தெரியும். குளிர்பெட்டி இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் அடுக்கும் அலமாரி மாதிரிதான். இந்த நிலைமையில் காளான் பொடி பத்து நாளில் கட்டிதட்டும், மூன்றாவது வாரம் பச்சைப் பூசணம் பூக்கும். ஒரு ஜூலையில் முழு டப்பாவையும் கொட்டினேன். சோயா மீன் உறைந்த நிலையில் வருவது, உருகினால் அன்றே சமைத்தாக வேண்டும். பெபோ வட்டுக்கு இந்தக் கவலையே இல்லை. பிஸ்கட் டின்னில் கீழே ஒரு துணியில் வறுத்த அரிசியைக் கட்டிப் போட்டு, மேலே வட்டுகளை அடுக்கி மூடிவிடுகிறேன். மாதம் ஒரு முறை, மழை விட்ட நாளில், முறத்தில் பரப்பி இரண்டு மணி நேரம் வெயில் காட்டினால் போதும். போன வருடம் ஏப்ரலில் வாங்கியதை நவம்பரில் முடித்தேன், கடைசி வட்டும் நன்றாகவே இருந்தது.

வாங்கும்போது ஒடித்துப் பாருங்கள். பட்டென்று உடைய வேண்டும், வளைந்தால் சரியாகக் காயவில்லை என்று பொருள். ஓரத்தில் பூச்சி அரித்த பொட்டுகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இலையில் பொதிந்த ஈரப் பெபோவும் விற்கிறார்கள், சுவை அதிலேதான் அதிகம். ஆனால் அது இரண்டு மூன்று நாளுக்குள் சமைக்க வேண்டியது.

பலாச்சாங் இப்படிச் செய்கிறேன். நான்கு வட்டுகளைத் தணலில் ஓரம் கருகாமல் இரண்டு பக்கமும் வாட்டி, உரலில் இடித்துக்கொள்வேன். எண்ணெயில் முதலில் மெல்லிசாக அரிந்த வெங்காயம், அப்புறம் பூண்டு, இரண்டையும் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து ஆறவைக்க வேண்டும். அதே எண்ணெயைத் தணித்து மிளகாய்த் தூள், இடித்த பெபோ, ஒரு கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், உப்பு. புளியின் ஈரம் முழுக்கச் சுண்டி, எண்ணெய் பிரிந்து சலசலப்பு அடங்கும் வரை கிளற வேண்டும். அவசரப்பட்டால் பூசணம் பிடிக்கும். கடைசியில் பொரித்த வெங்காயம், பூண்டைக் கலந்தால் மூன்று வாரம் வெளியிலேயே இருக்கும். முதல் முறை செய்த அன்று அத்தை பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னம்மா, விரதத்தை விட்டுட்டியா, ஙப்பி வறுக்கிறே?” என்றார். “இல்லத்தை, பெபோ” என்றேன். ஒரு கை சோறு போட்டுப் பிசைந்து கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கை கேட்டார்.

பர்மியர்களின் மீன் சூப் நூடுல்ஸான மொஹிங்காவுக்கு வருகிறேன். 1964-இல் கடை கண்ணி எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு சித்தி குடும்பம் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டது. அங்கே பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகளில் மீன் போடாமல் வாழைத்தண்டு சூப்பாகவே மொஹிங்கா விற்கிறார்கள். நான் போனபோது குடித்தேன். தண்டு பதமாக இருந்தது, ஆனால் கெளுத்தி மீன் கொடுக்கும் அடியாழம் இல்லை. இங்கே வீட்டில் வறுத்த அரிசி மாவும் கடலை மாவும் கரைத்து, வாழைத்தண்டு, எலுமிச்சைப்புல், இஞ்சி, முழுச் சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்கும்போது இரண்டு வட்டு பெபோவை வாட்டி இடித்துச் சேர்க்கிறேன். ஒரு மணி நேரம் மெல்லக் கொதித்தால் அந்த அடியாழம் வந்துவிடுகிறது. மேலே பயாஜோ என்ற பருப்பு வடையை உடைத்துப் போட்டு எலுமிச்சை பிழிந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

குறையையும் சொல்ல வேண்டும். பச்சைக் காய்கறி தொட்டுக்கொள்ளும் ஙப்பிச் சாற்றுக்குப் பெபோ ஈடாகவில்லை. தண்ணீரில் கரைத்தால் பயறு மணம் மேலே வந்துவிடுகிறது, கடல் காணாமல் போகிறது. அதற்குக் கடற்பாசி பொருந்தலாம் என்று தோன்றுகிறது, கிடைக்கும்போது முயன்று பார்ப்பேன். பெபோவை நானே புளிக்கவைத்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் மழைக்காலத்தில். கூடையைத் திறந்தால் மூக்கைக் குத்தும் நெடி, பயறெல்லாம் வழவழவென்று கிடந்தது, கொட்டிவிட்டேன். கடை வட்டில் உப்பு தாராளம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சோயா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது, அவர்கள் காளானோடுதான் போக வேண்டும். பால், முட்டையும் விட்டவர்கள் புளித்த பயறு இருக்கிறதே என்று பி12 மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சத்துக்கு இதை நம்ப முடியாது.

மழை பிடிக்க இன்னும் சில வாரம்தான். அமா ஊரிலிருந்து புதுச் சரக்கு வருகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை முப்பது வட்டு வாங்கி மாடியில் காயவைக்கப் போகிறேன், அதில் பத்து அத்தைக்கு.