சரவுண்ட் ஸ்பீக்கர் ஸ்டாண்டும் அதன் இடமும்: ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் தெரியவருபவை

வீட்டில் படம் பார்க்கும்போது பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் ஒலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கருக்கு ஸ்டாண்ட் வாங்கும்போது பலரும் பார்ப்பது இரண்டுதான்: தோற்றம், ஸ்பீக்கர் மேல்தட்டில் உட்காருமா என்பது. இரண்டு மூன்று ஆண்டு பயன்பாட்டில் முன்னுக்கு வருபவை வேறு. ட்வீட்டர் (உயர் அதிர்வெண் ஒலியைத் தரும் சிறு ஒலிப்பான்) எந்த உயரத்தில் நிற்கிறது, கை பட்டால் ஸ்டாண்ட் சாய்கிறதா, வயரை எப்போதாவது மாற்ற முடியுமா. ஆகவே இடத்தை முடிவு செய்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு, அதன் பிறகே ஸ்டாண்டைத் தேட வேண்டும். வரிசை மாறினால், வாங்கிய ஸ்டாண்டுக்கு ஏற்ற இடத்தைத் தேடும் நிலை வந்துவிடும்.

இடத்தைக் கோணத்தால் சொல்வது வழக்கம். திரையை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் அது 0 டிகிரி. 5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர், ஆழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) சரவுண்டுகள் இரு பக்கமும் 110 முதல் 120 டிகிரிக்குள் இருக்கட்டும் என்கிறது ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பி. 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்றால் பக்கச் சரவுண்ட் 90 முதல் 110, பின் சரவுண்ட் 135 முதல் 150. கோணமானி இல்லாமலே இதை அளக்கலாம். தலையிலிருந்து ஸ்பீக்கர் 1.5 மீட்டரில் நிற்கப்போகிறது என்றால், 110 டிகிரிக்குப் பக்கவாட்டில் 1.4 மீட்டர், அங்கிருந்து பின்பக்கம் அரை மீட்டர். 2 மீட்டர் தூரம் என்றால் பக்கவாட்டில் 1.9 மீட்டர், பின்னால் 70 செ.மீ. தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நாற்காலியை வைத்துச் சில நாள் நடமாடிப் பாருங்கள். காலில் இடிக்கும் இடம் எதுவென்று ஸ்டாண்ட் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் 110 டிகிரி கிடைக்காது. அப்போது ஸ்பீக்கர்களை அறையின் பின்மூலைகளில் தள்ளுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மூலையில் குறைந்த அதிர்வெண்கள் வீங்கும், குரல் கனத்துக் கேட்கும், பின்னிருந்து வரவேண்டிய ஒலி சுவரிலிருந்து வருவதுபோல் ஆகும். சோபாவை 40 செ.மீ. முன்னே இழுக்க இடமிருந்தால் அதுவே முதல் வைத்தியம். எந்த ஸ்டாண்டும் அந்த 40 செ.மீ. தரும் பலனைத் தராது. இழுக்கவே முடியாது என்றால் 90 டிகிரியில், நேர் பக்கவாட்டில் நிறுத்துங்கள்.

உயரத்துக்கு வருவோம். உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து பொதுவாக 90 முதல் 110 செ.மீ. வரை இருக்கும், சோபாவைப் பொறுத்து மாறும், உங்கள் இருக்கையிலேயே அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டின் உயரம் என்று விளம்பரத்தில் வருவது மேல்தட்டு வரைதான். நமக்கு வேண்டியது ட்வீட்டர் உயரம். பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் 20 செ.மீ. மேலே இருந்து, காது 95 செ.மீ. என்றால், 75 செ.மீ. ஸ்டாண்ட் ட்வீட்டரைக் காதுக்கு நேராக நிறுத்தும். ஆனால் சரியாகக் காது மட்டம் என்பது ஒற்றை இருக்கைக்கே ஒத்துவரும். மூன்று பேர் சோபாவில் ஓரத்தில் இருப்பவரின் தலையே நடுவில் இருப்பவருக்கு மறைப்பு; உயர்ந்த சாய்வுத்தலை கொண்ட ரிக்ளைனர் என்றால் அதுவும் மறைக்கும். உயர் அதிர்வெண்கள் தடையைச் சுற்றி வளையாது. 15 முதல் 20 செ.மீ. உயர்த்தினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

ஓர இருக்கைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கிருப்பவருக்கு ஒரு ஸ்பீக்கர் 70 செ.மீ., மற்றது 2.1 மீட்டர் என்றால் நேரடி ஒலியில் கிட்டத்தட்ட 9.5 டெசிபல் வித்தியாசம். மறுபக்கத்து ஸ்பீக்கர் அவருக்கு இல்லாதது மாதிரிதான். காதுக்கு மேல் 60 செ.மீ. உயர்த்தினால் இது 7.5 டெசிபலாகக் குறையும். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறை) இல்லாத 5.1, 7.1 அமைப்பில் சரவுண்டைக் காதுக்கு மேலே வைக்கும் பழைய பழக்கத்தின் காரணம் இதுதான், இன்றும் அது நல்ல பழக்கமே. கூரை ஸ்பீக்கர் உள்ள அட்மாஸ் அமைப்பில் அப்படிச் செய்யக் கூடாது. கீழ் ஸ்பீக்கர்களின் ஒலியும் கூரை ஸ்பீக்கர்களின் ஒலியும் கலந்து, தலைக்கு மேல் போகவேண்டிய ஒலி தனியாகத் தெரியாமல் போகும். அங்கே 20 செ.மீ. உயர்வோடு நிறுத்திக்கொண்டு, ஸ்பீக்கரின் முகத்தைப் பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திருப்பாமல், மறுகோடியில் இருப்பவரின் தலைக்குச் சற்று மேலே குறிவைத்துத் திருப்புங்கள். அருகில் இருப்பவருக்கு ட்வீட்டரின் கூர்மை தணியும், தூரத்தில் இருப்பவருக்கு முழுதாகப் போய்ச்சேரும்.

இப்போது ஸ்டாண்ட். 3 கிலோ ஸ்பீக்கர், 3 கிலோ ஸ்டாண்ட், 25 செ.மீ. அகல அடித்தட்டு, ஸ்பீக்கரின் நடுப்பகுதி தரையிலிருந்து 105 செ.மீ. என்று வையுங்கள். அந்த உயரத்தில் பக்கவாட்டில் சுமார் 700 கிராம் எடைக்குச் சமமான தள்ளல் பட்டாலே ஸ்டாண்ட் சாயத் தொடங்கும். திரைச்சீலை இழுபட்டாலும் போதும். தண்டுக்குள் 3 கிலோ மணல் நிரப்பினால் இது ஒரு கிலோவைத் தாண்டும். மணலே இல்லாமல் அடித்தட்டை 35 செ.மீ. ஆக்கினாலும் அதே ஒரு கிலோ. இரண்டையும் சேர்த்தால் ஒன்றரைக் கிலோ. குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ உள்ள வீட்டில் அகலமான அடித்தட்டும் மணலும் இரண்டுமே வேண்டும். அதுவும் போதாது என்று தோன்றினால் தயங்காமல் சுவர் பிராக்கெட்டுக்குப் போய்விடுங்கள்.

மணல் நிரப்புவதிலும் விஷயம் இருக்கிறது. முழுக்க உலர்ந்த, சலித்த மணல்தான் வேண்டும். ஈரம் இருந்தால் தண்டு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கடல் மணலில் உப்பு இருப்பதால் அது கூடவே கூடாது. 7 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் அரை மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3 கிலோ பிடிக்கும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் எடை மேலேறும், பயன் குறையும். நேரடியாகக் கொட்டாமல் நீளமான பாலிதீன் பையில் அடைத்து இறக்கினால், பின்னாளில் இடம் மாறும்போது எளிதாக எடுக்கலாம், அடித்தட்டு இடுக்கில் மணல் கசியவும் கசியாது. வயர் தண்டுக்குள் போகிறதென்றால் முதலில் ஒரு மெல்லிய பிவிசி குழாயை இறக்கி, அதற்குள் வயரை விட்டு, அதைச் சுற்றி மணல் போடுங்கள். இல்லாவிட்டால் மணலுக்குள் இறுகிய வயரை மாற்ற ஸ்டாண்டையே கழற்ற வேண்டும். மணலின் இன்னொரு நன்மை: வெற்றுக் குழாயை விரலால் தட்டினால் வரும் மணியோசை அடங்கிவிடும். மணலுக்குப் பதிலாகப் போடும் ஈயக் குண்டு நச்சு, வீட்டுக்குள் வேண்டாம்.

உயரம் மாற்றக்கூடிய டெலஸ்கோப்பிக் ஸ்டாண்ட் சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க வசதியானது, நிரந்தரமாக வைத்துக்கொள்ள அல்ல. மணல் நிரப்ப முடியாது. பிளாஸ்டிக் இறுக்குவளையம் நாளடைவில் தளர்ந்து, ஒரு பக்கம் மட்டும் மெல்ல இறங்கும். தண்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் இறக்கம் உடனே கண்ணில் படும்.

ஸ்பீக்கரை ஸ்டாண்டில் போல்ட் போட்டு மாட்டும் வகை என்றால், ஸ்பீக்கரின் பின்னால் உள்ள மரையைச் சரியாகப் பாருங்கள். கால் அங்குலமும் எம்6-உம் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், முன்னது 6.35 மி.மீ., பின்னது 6 மி.மீ., மரை இடைவெளியும் வேறு. கால் அங்குலத் துளையில் எம்6 போல்ட் லூசாக ஏறி, சில மாதம் கழித்துப் பிடுங்கிக்கொண்டு விழும். மேல்தட்டில் வைக்கும் வகை என்றால் நான்கு மூலையிலும் பட்டாணி அளவு புளூ டாக் (களிமண் போல் பிசையக்கூடிய ஒட்டுப்பொருள்) போதும். அழுத்தித் தேய்த்தால் மரப்பூச்சில் எண்ணெய்க்கறை படியும், எடுக்கும்போது இழுக்காமல் திருகி எடுங்கள்.

டைல்ஸ் தரையில் ஸ்பைக்கின் (ஸ்டாண்டின் அடியில் வரும் கூர்முனை) அடியில் உலோகக் கிண்ணம் அவசியம்; ரப்பர் பாதம் இன்னும் நல்லது. ஸ்பைக் கம்பள விரிப்புக்கானது. பின்பக்கம் போர்ட் (காற்றுத் துளை) உள்ள ஸ்பீக்கருக்குச் சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விடுங்கள். வயர் 15 மீட்டர் வரை 16 கேஜ், அதற்கு மேல் அதைவிடத் தடிமனான 14 கேஜ்.

எல்லாம் நிலைத்த பிறகே, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில், மைக் வழியாக ஒலியை அளந்து சரிசெய்யும் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். மைக் காது உயரத்தில் டிரைபாடில் நிற்கட்டும், சோபாவின் முதுகில் வைக்க வேண்டாம். சிறிய சரவுண்டுகளுக்குக் கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80-க்குக் கீழே போயிருந்தால் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். சப்வூஃபரின் தூரத்தை அளவு நாடாவில் அளந்ததைவிட அதிகமாக ரிசீவர் காட்டினால் திருத்தாதீர்கள். சப்வூஃபரின் உள் மின்சுற்றின் தாமதம் அதில் சேர்ந்திருக்கிறது. சுத்தம் செய்ய ஸ்டாண்டை நகர்த்துவோருக்காகத் தரையில் அடித்தட்டின் இரண்டு மூலைகளை டேப்பால் குறித்துவிடுங்கள். 30 செ.மீ. தள்ளிப்போனால் ஒலி கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி மாறி வரும். திரும்ப அதே இடத்தில் வைக்க முடியாவிட்டால் அளவீட்டை மறுபடி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.