யாழ்ப்பாணத்தில் இளம் பிள்ளைகளுக்கான உளநலச் சேவைகள்: எது எதற்கு உதவும், எங்கே நழுவும்

மனம் சரியில்லாத ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்கோ இருபது வயது தாண்டியவருக்கோ யாழ்ப்பாணத்தில் சேவை இல்லை என்று சொல்வது தவறு. சேவை இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாகவே இருக்கிறது. எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் அரச ஆஸ்பத்திரிகளின் உளநலக் கிளினிக்குக்கு. ஆனால் பாடசாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஓபிடியிலிருந்து (வெளிநோயாளர் பிரிவு) கிளினிக்குக்கும், வாட்டிலிருந்து வீட்டுக்கும் மாறுகிற இடங்களில்தான் பிள்ளைகள் நழுவிப் போகிறார்கள். அந்த இடங்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டுக்காரர். ஆகவே இந்த மதிப்பீட்டில் அவற்றைப் பற்றித்தான் கூடுதலாக எழுதுகிறோம்.

எப்போது போவது? இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை குழம்பியிருந்தால், சாப்பாடு குறைந்திருந்தால், கூட்டாளிகளோடு கதைப்பதை விட்டிருந்தால், ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ இருந்துவிட்டு வந்தால், போக வேண்டும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது. எரிச்சலாக வரும், பள்ளிக்கூட நாட்களின் காலையில் மட்டும் வயிற்று நோவாக வரும். வெக்கைக்கும் நீளக் கை உடுப்பைக் கழற்ற மறுத்தால் கையில் கீறிக்கொள்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். "என்னைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கினம்", "ஆரோ கதைக்கிற சத்தம் கேக்குது" என்று பிள்ளை சொன்னால் இரண்டு கிழமை பார்த்திருக்க வேண்டாம், அந்தக் கிழமையே கொண்டு போங்கள். இப்படி இல்லாத சத்தம் கேட்கிற உளமாய நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான் தொடங்கும். சிகிச்சை பிந்தப் பிந்தத் தேறுவதும் கடினமாகும். கோயிலில் நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள். அதற்காகக் கிளினிக்கைப் பின்போடாதீர்கள்.

தொலைபேசிச் சேவை 1926இலிருந்து தொடங்கலாம். தேசிய மனநல நிறுவகம் நடத்தும் இலக்கம் இது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஒரு பிள்ளைக்குக் கதைக்க ஆள் வேண்டுமென்றால் கிளினிக்கோ அலுவலகமோ திறந்திருக்காது. மறுமுனையில் முதலில் சிங்களம் கேட்டால் பயந்து வைத்துவிட வேண்டாம். "தமிழில கதைக்க வேணும்" என்று மட்டும் சொல்லுங்கள். தமிழில் கதைப்பவர் அந்த நேரம் இல்லையென்றால் எப்போது எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு வையுங்கள். கேட்கவும், ஆறுதல் சொல்லவும், அடுத்து எங்கே போகலாம் என்று காட்டவும் இது நல்ல சேவை. தொடர் சிகிச்சையை இதில் எதிர்பார்க்கக் கூடாது. 1333 இலக்கத்திலும் இலவசமாக உளவளத்துணை (கவுன்சலிங்) கிடைக்கும். வீட்டிலோ வெளியிலோ 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்றால் எடுக்க வேண்டியது 1929. உயிருக்கு ஆபத்தென்றால் இந்த மூன்றில் எதுவும் இல்லை: 1990, இலவச அம்புலன்ஸ்.

பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார். பல இடங்களில் அவருக்கு முழுப் பாடவேளையும் தலையில் இருக்கும், தனி அறை இருக்காது. இரண்டு பேர் கதைப்பது மூன்றாமவருக்குக் கேட்காத இடமொன்றில்லாமல் உளவளத்துணை நடக்காது. பிள்ளை சொன்னது பின்னேரத்துக்குள் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்துவிட்டால் அந்தப் பிள்ளை பிறகு ஒருவரிடமும் வாய் திறக்காது. மாற்றத்தை முதலில் கண்டுபிடிக்கவும் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தரவும் ஆசிரியர் போதும். சிகிச்சையை அவரிடம் கேட்பது அவருக்கும் நியாயமில்லை.

அதிகம் பேர் பாவிக்காத நல்ல சேவை பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர். ஆஸ்பத்திரி வாசலில் யாரும் கண்டுவிடுவார்களோ என்ற பயம் இங்கே இல்லை, ஏனென்றால் பிரதேச செயலகத்துக்கு எல்லோரும் ஏதோவொரு அலுவலாகப் போகிறார்கள். பரீட்சைப் பயம், காதல் முறிவு, தாய் தகப்பன் சண்டை, பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பது போன்றவற்றுக்கு முதலில் இங்கே போகலாம். மருந்து தரமாட்டார்கள். அலுவலக நேரத்தில் மட்டும்தான், வெளிக்கள வேலைக்கும் போவார்கள், ஆகவே முதல் நாளே போன் பண்ணிவிட்டுப் போங்கள். சாந்திகம் போல, போர்க் காலத்திலிருந்தே இந்த வேலையைச் செய்து வரும் நிறுவனங்களையும் மறந்துவிடக் கூடாது.

இனிக் கிளினிக். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ இருப்பவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் உளநல மருத்துவ அதிகாரி எந்தெந்த நாளில் பார்க்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். வழக்கமான வழி, ஓபிடியில் துண்டெடுத்து அங்குள்ள மருத்துவரிடம் கடிதம் வாங்குவது. முதற் தவறு நடப்பது இங்கேதான். வெட்கத்தில் "தலையிடி, நித்திரை இல்லை" என்று மட்டும் சொன்னால் பனடோலும் விற்றமினும் தந்து அனுப்பிவிடுவார்கள். வரிசையின் பின்னால் நூறு பேர் நிற்கையில் அவர் துருவிக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. "பிள்ளையின்ர மனநிலை சரியில்லை, உளநலக் கிளினிக்குக்குக் கடிதம் வேணும்" என்று நேராகக் கேளுங்கள்.

போகும்போது அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்புகிறது, நிறை குறைந்ததா, பள்ளிக்கூடம் எத்தனை நாள் தவறியது, கையில் கீறியதுண்டா, சாக வேண்டும் என்று சொன்னதுண்டா, குடும்பத்தில் யாருக்கும் மனநோயோ தற்கொலையோ உண்டா, மாவா, கஞ்சா, ஐஸ் போன்ற போதைப்பொருள் ஏதும் தொட்டதுண்டா. கடைசிக் கேள்வியைத் தாய்மார் விட்டுவிடுவார்கள். அதை விட்டால் மருந்தே மாறிப் போகலாம். பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் கொண்டு போங்கள். தைரொயிட் குறைவும் இரத்தச்சோகையும் மனச்சோர்வு போலவே தெரியும் என்பதால் மருத்துவர் அவற்றைப் பார்க்க விரும்புவார்.

இந்தச் சேவையின் பெரிய குறை, தனியாகக் கதைக்க இடமில்லாதது. நெரிசலான நாளில் ஒரே அறையில் இன்னொருவரையும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அதோடு வீட்டுக்காரரும் சேர்ந்து கெடுப்பதுண்டு: மருத்துவர் பிள்ளையைக் கேட்க, தாய் பதில் சொல்ல, தகப்பன் திருத்த, பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். "டொக்டர், பிள்ளையோட தனியக் கதைக்கிறியளா?" என்று கேட்டுவிட்டு நீங்களே எழும்பி வெளியே போங்கள். பிள்ளை சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லமாட்டார், உயிராபத்தோ துன்புறுத்தலோ இருந்தால் மட்டும் சொல்வார் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளியே வந்த பிறகு "என்ன கேட்டவர், என்ன சொன்னனி?" என்று குடையாதீர்கள்.

மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. மிதமான மனச்சோர்வுக்கு முதலில் பேச்சுச் சிகிச்சைதான். அது கிழமைக்கு ஒரு தடவையாக எட்டுப் பத்துத் தடவையாவது நடந்தால்தான் பலன் தெரியும். இங்கே மருத்துவ உளவியலாளர்கள் குறைவு, ஆகவே தவணைகளுக்கிடையில் இடைவெளி கூடும். கேட்காமல் இருந்தால் பேச்சுச் சிகிச்சை இல்லாமலே மாதங்கள் போய்விடும். ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

மருந்து தொடங்கினால் பெரும்பாலும் மனச்சோர்வுக்கான புளூஒக்சற்றின். சின்னக் கடதாசி உறையில் குளிசைகளைப் போட்டு, எத்தனை எப்போது என்று பேனையால் எழுதித் தருவார்கள். பாமசி யன்னலை விட்டு விலக முன்னமே அதை வாசித்து, விளங்காவிட்டால் கேளுங்கள். இது நித்திரைக் குளிசை இல்லை, பழக்கமாகிற மருந்தும் இல்லை. காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது வழக்கம். முதற் கிழமையில் குமட்டல், பதகளிப்பு வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை பிடிக்கும், சிலருக்கு ஆறு. "பத்து நாளாப் போட்டும் ஒண்டுமில்லை" என்று நிறுத்துவது ஒரு பிழை. இரண்டு மாதத்தில் முகம் தெளிந்ததும் நிறுத்துவது அதைவிடப் பெரிய பிழை, ஏனென்றால் தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடராவிட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். நிறுத்துவதையும் மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

25 வயதுக்குக் குறைந்தவர்களில் சிலருக்கு இவ்வகை மருந்து தொடங்கிய முதற் கிழமைகளில் தற்கொலை எண்ணம் கூடலாம். அதற்குப் பயந்து மருந்தை மறுக்கத் தேவையில்லை. அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பதகளிப்போ நித்திரையின்மையோ திடீரென்று கூடினால் கிளினிக் நாள்வரை காத்திராமல் கொண்டு போங்கள். குளிசைகள் தாயின் கையில் இருக்கட்டும், ஒவ்வொரு நாளும் ஒரு நாளுக்குரியதை மட்டும் கொடுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதிய திகதிக்கு முன் குளிசை முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்று வெளியே வாங்க எழுதித் தந்தால் பெட்டியின் நிறமும் கொம்பனிப் பெயரும் வேறாக இருக்கலாம், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் சரியாக இருந்தால் போதும்.

தனியார் சனலிங், அதாவது காசு கட்டி மருத்துவரைப் பார்ப்பது, பின்னேரத்தில் கிடைக்கும், வரிசை குறைவு, ஆனால் நேரமும் குறைவு. உளவளத்துணையாளரோ சமூக சேவையாளரோ பக்கத்தில் இருக்கமாட்டார். முதற் தடவை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இது நல்ல தொடக்கம். பிறகு அதே மருத்துவரிடமே கிளினிக்குக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம்.

வாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உயிரை மாய்க்க முயன்ற பிள்ளையின் உடம்பை நன்றாகவே காப்பாற்றுகிறார்கள். உடம்பு தேறியதும் துண்டு வெட்டி (வீட்டுக்குப் போகலாம் என்று) விட, ஊருக்குத் தெரிய முன் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தான இடம். வீடு திரும்பிய முதற் கிழமைகளில்தான் திரும்ப முயலும் ஆபத்து அதிகம். உளநல மருத்துவர் பார்க்காமலும் கிளினிக் திகதி கையில் இல்லாமலும் துண்டு வெட்டச் சம்மதிக்காதீர்கள். பொலிஸ் கேஸ் ஆகுமென்று மறைப்பவர்களுக்கு: தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதும் இந்தச் சேவையின் பகுதிதான். வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல் தோட்டக் கொட்டிலில் திறந்தபடி கிடக்கும். அதைப் பூட்டுங்கள், அல்லது பிள்ளை தேறும்வரை வீட்டு வளவிலேயே வைக்காதீர்கள். 1990களில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில், கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பிறகு மரணங்கள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் வைப்பது உயிரைக் காக்கும். "சாக வேணும் போல இருக்கோ?" என்று நேரே கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்டால்தான் பிள்ளை சொல்லும்.

சேவை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளினிக் கிழமை நாள் காலையில் நடப்பதால் உயர்தரப் பிள்ளை ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கூடத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கிறது, மூன்றாம் மாதத்தோடு நின்றும் விடுகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையையாவது, அல்லது ஒரு பின்னேரத்தையாவது, இளையவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது, திகதி எழுதும் தாதியிடம் பாடசாலை விடுமுறைக்கும் பரீட்சைக்கும் பொருந்தும் நாளைக் கேட்டு வாங்குவது. தவணைப் பரீட்சை அட்டவணையைப் போனில் படமெடுத்துக் கொண்டு போனால் அந்த யன்னலிலேயே அலுவல் முடிந்துவிடும்.