அம்மாவின் அரைமணி நேரம்: கவுன்சில் அனுப்பும் வீட்டுப் பராமரிப்பு குறித்து ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் வயதான பெற்றோருக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஊடாக வீட்டுப் பராமரிப்புப் பெறுகின்ற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால், கவுன்சிலுக்காகப் பராமரிப்பாளர்களை அனுப்பும் தனியார் ஏஜென்சியின் பெயரையும் கவுன்சிலின் பெயரையும் இங்கே தரவில்லை.

81 வயதான என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, முதல் 6 வாரங்களுக்குப் பராமரிப்பு இலவசமாகக் கிடைத்தது. அதன் பிறகு கவுன்சில் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்து, அம்மா வாரந்தோறும் கட்டவேண்டிய பங்கைக் கணக்கிட்டது. (சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் நம்முடையது, வீட்டில் பெறும் பராமரிப்புக்கு, குடியிருக்கும் வீட்டின் பெறுமதியைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.) பராமரிப்புத் திட்டத்தில் நாளொன்றுக்கு நான்கு வருகைகள், ஒவ்வொன்றும் 30 நிமிடங்கள் என்று எழுதப்பட்டிருந்தது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், அந்த இரண்டு மணித்தியாலத்தை நம்பித்தான் அம்மாவைத் தனியே விட்டுச் சென்றோம்.

ஒரு மாதம் கழித்து அம்மாவின் உடைகள் தளர்ந்து தொங்கத் தொடங்கின. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மருந்துப் பெட்டியைத் திறந்தபோது, புதன்கிழமைக் காலைக்குரிய இரத்த அழுத்த மாத்திரை அப்படியே இருந்தது. கேரர்கள், அதாவது ஏஜென்சி அனுப்பும் பராமரிப்பாளர்கள், எழுதும் பதிவேட்டிலோ அந்த மாத்திரை கொடுக்கப்பட்டதாகக் குறிப்பு இருந்தது. அதே பதிவேட்டில், மதிய உணவும் தேநீரும் வேண்டுமா என்று கேட்டதற்கு அம்மா மறுத்துவிட்டார் என்று பல நாட்கள் எழுதப்பட்டிருந்தது. அம்மாவிடம் விசாரித்தேன். “நான் ஓம் எண்டுதான் சொன்னனான், பிள்ளை” என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தேத்தண்ணி வேணுமா என்று சைகையில் கேட்டால், நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் அசைப்பார். அந்தச் சம்மதத்தை அவர்கள் மறுப்பாக எடுத்துக்கொண்டு, எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வாசல் மணியில் பொருத்தியிருந்த கமெராவை வைத்து மூன்று வாரம் கணக்கெடுத்தேன். நடந்திருக்கவேண்டிய 84 வருகைகளில் 9 நடக்கவே இல்லை. மீதி 75இல் முழு 30 நிமிடம் நீடித்தவை 14 மட்டுமே. சில வருகைகள் 8 நிமிடத்தில் முடிந்திருந்தன. ஆனால் கட்டணப் பத்திரத்தில் 84 அரைமணி நேரங்களும் முழுதாக இருந்தன. ஏனெனில் எங்கள் கவுன்சில், உண்மையில் செலவிட்ட நிமிடங்களைப் பார்க்காமல், திட்டத்தில் எழுதிய நிமிடங்களுக்கே கணக்கிட்டு வந்தது.

வந்துபோன பெண்களை நான் குறைகூறவில்லை. ஒரு வீட்டில் 12 மணிக்கு முடிக்கவும் மற்றொரு வீட்டில் 12 மணிக்கே தொடங்கவும் சொல்லும் அட்டவணையை ஒருவர் எனக்குக் காட்டினார். தன் விசா அந்த ஏஜென்சியோடு பிணைந்திருப்பதால் வெளியே எதுவும் சொல்லமுடியாது என்றும் கூறினார்.

கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்தபோது, “முதலில் ஏஜென்சியிடம் பேசுங்கள்” என்றார்கள். ஏஜென்சி, கவுன்சிலின் ஒப்பந்தப்படியே நடப்பதாகச் சொன்னது. இப்படியே ஏழு வாரம் கழிந்தது. நான் ஏமாந்த இடம் இதுதான், இதை எல்லோரும் அறிந்திருக்கவேண்டும்: கவுன்சில் ஒரு தனியார் ஏஜென்சியிடம் வேலையை ஒப்படைத்தாலும், அந்தப் பராமரிப்பில் நேரும் குறைகளுக்குக் கவுன்சிலே பொறுப்பு. அதனால் முறைப்பாட்டை எழுத்தில், கவுன்சிலுக்கே அனுப்புங்கள். மூன்று வேலைநாட்களுக்குள் அது கிடைத்ததை அவர்கள் உறுதிப்படுத்தவேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகச் செல்லலாம். பொதுவாக, குறை தெரியவந்த 12 மாதங்களுக்குள் செல்லவேண்டும்.

ஏஜென்சியைத் தேர்ந்தபோது, பராமரிப்புச் சேவைகளைச் சோதனையிட்டுத் தரம் வழங்கும் பராமரிப்புத் தர ஆணையம், அதாவது சிகியூசி, அதற்கு ‘நல்லது’ என்று தரம் கொடுத்திருந்ததைப் பார்த்து நிம்மதியடைந்தோம். அது எந்த ஆண்டுச் சோதனையில் கிடைத்த தரம் என்று பார்க்கத் தவறிவிட்டோம். அது பல ஆண்டுகள் பழையது. மருத்துவர் பென்னி டாஷ் 2024இல் அரசுக்கு அளித்த மீளாய்வு, சிகியூசி சோதனையிடவேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒருபோதும் தரமே வழங்கப்படவில்லை என்று கூறியது. மேலும், தனிப்பட்ட முறைப்பாடுகளைத் தீர்த்துவைப்பது சிகியூசியின் வேலையன்று. நாம் எழுதுவதைத் தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து, கவுன்சிலின் சேவைகளைக் கேள்விகேட்டு ஆராய்வதற்காகக் கவுன்சிலர்கள் அமரும் கண்காணிப்புக் குழுவின் கூட்ட அறிக்கைகளைத் தேடி வாசித்தேன். அவை பொதுமக்களுக்குத் திறந்த கூட்டங்கள். ஆவணங்கள் ஐந்து வேலைநாட்களுக்கு முன்பே வெளியாகும். அங்கே வீட்டுப் பராமரிப்புக் குறித்து வைக்கப்பட்டிருந்த அறிக்கை, ஏஜென்சிகள் தாமே அனுப்பிய எண்களிலிருந்து தயாரிக்கப்பட்டது. அதில் ஒரு முதியவரின் குரலோ ஒரு குடும்பத்தின் குரலோ இல்லை. ஸ்டஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கைவிடப்பட்டது பற்றி 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் அறிக்கை, அப்பகுதிக் கவுன்சில்களின் கண்காணிப்புக் குழுக்களையும் கண்டித்தது. அத்தனை ஆண்டுகள் கழித்தும் எங்கள் குழு காகிதத்தை மட்டும் பார்ப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. வருகைகள் பற்றி நான் எடுத்த கணக்கை எங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கு அனுப்பினேன். அவர் அதைக் குழுவில் கேள்வியாக எழுப்பினார்.

உண்மையில் கதவைத் திறந்தது வேறொன்று. மாத்திரை விடுபட்டதையும் உணவு கொடுபடாததையும் ‘சேஃப்கார்டிங்’ (புறக்கணிப்பிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் காத்தல்) என்ற சொல்லைப் பயன்படுத்தி மின்னஞ்சலில் எழுதியபோது, மறுநாளே சமூகப் பணியாளர் அழைத்தார். பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் புறக்கணிப்புக்கு உள்ளாகிறார், அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாமலும் இருக்கிறார் என்று கருதக் காரணம் இருந்தால், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு கவுன்சில் விசாரித்தே ஆகவேண்டும் என்கிறது. கேரர்கள் தொலைபேசியில் பதியும் உள்வரும், வெளிச்செல்லும் நேரங்களையும் அம்மாவின் கையொப்பத்தோடு கேட்டுப் பெற்றேன். ஒருவர் தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கட்டணமின்றித் தரவேண்டும். கமெராவின் நேரத்தோடு ஒப்பிட்டபோது, சிலர் வெளியே காரில் இருந்தபடியே ‘முடிந்தது’ என்று பதிந்திருந்தது தெரிந்தது.

இப்போது வேறு ஏஜென்சி வருகிறது. செலுத்திய பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டது ஒம்புட்ஸ்மனிடம் இருக்கிறது. புதிய பராமரிப்புத் திட்டத்தின் முதற்பக்கத்தில், அம்மா தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் அவர் சம்மதிக்கிறார் என்று பொருள் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் செய்திருக்கிறேன். அம்மா குடித்து முடித்த மதியத் தேநீர்க் கோப்பை இப்போது வெறுமையாக இருக்கிறது.