கலிங்கில் போய் ஷட்டர் போட்டவன்: நாலு வருடச் சம்ப் அனுபவம்

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சம்ப் வைத்த மீன் தொட்டி ஓடத் தொடங்கி நாலு வருடம் முடிந்துவிட்டது. தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். கீழே மரப் பெட்டிக்குள் மூன்றடியில் சம்ப், அதாவது மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, பம்ப்பால் மறுபடி மேலே ஏறுகிற கீழ்த்தொட்டி. மேலே ஏஞ்சல் மீன்கள், கொஞ்சம் வலிஸ்நேரியா செடி, யார் கொண்டு வந்தார்கள் என்றே தெரியாத நத்தைகள். ‘மேலிருந்து இறங்குகிற தண்ணீரையும் பம்ப் ஏற்றுகிற தண்ணீரையும் எப்படிச் சமன் செய்வது?’ என்று தொட்டி வைக்கிற எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். கேள்வியே தப்பு என்று புரிய எனக்கு இரண்டு முறை கூடம் நனைய வேண்டியிருந்தது.

முதல் அமைப்பு இது. தொட்டியின் மூலையில் கண்ணாடித் தடுப்பு, அதன் உச்சியில் சீப்புப் பல் மாதிரி வெட்டு. தண்ணீர் அந்தப் பல் வழியாக வழிந்து, தடுப்புக்குப் பின்னால் இருக்கிற ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் விழும். பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை, ஒரு டேங்க் நிப்பிள், ஒரு இஞ்ச் பிவிசி குழாய், அதில் ஒரு பால் வால்வு (கால் சுற்றிலேயே மூடுகிற வால்வு). பம்ப் பக்கமும் ஒரு பால் வால்வு. இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினால் ஒரு கட்டத்தில் சமமாகிவிடும் என்று நம்பினேன். காலையில் சரி செய்தால் மதியத்துக்குள் பெட்டிக்குள் தண்ணீர் ஏறி நிற்கும். கொஞ்சம் திறந்தால் அடுத்த அரை மணியில் காற்றை இழுத்துக்கொண்டு ‘களக் களக்’ என்று சத்தம். இப்படியே மூன்று வாரம்.

வடுவூர் பக்கம் விவசாயம் பார்க்கிற சித்தப்பா ஒரு நாள் வந்தவர், கீழே குனிந்து குழாயைப் பார்த்தார். “ஏன்டா, கலிங்குல போய் ஷட்டர் போட்டு வச்சிருக்கே? ஏரி உடையாதா?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான் விஷயம். மதகுக்குத்தான் ஷட்டர். கலிங்கு என்பது ஏரி நிறைந்ததும் வருகிறதை வழியவிடுகிற இடம். வரத்து கூடினால் அதன் மேல் ஓடும் தண்ணீரின் கனம் கூடும், குறைந்தால் குறையும். தொட்டியின் சீப்புப் பல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. பம்ப் எவ்வளவு ஏற்றினாலும், பல்லின் மேல் தண்ணீர் சில மில்லிமீட்டர் உயர்ந்து, அதே அளவை இறக்கிவிடும். சமன் தானாகவே நடக்கிறது. நான் செய்த தப்பு, அதற்குக் கீழே இருக்கிற ஒரே குழாயை வால்வால் நெரித்தது.

நெரித்தால் சமன் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? காற்றில்லாமல் தண்ணீரே நிறைந்து, தானே இழுத்து இறக்கும் சைஃபன் குழாயில் வேகத்தை முடிவு செய்வது மேல்மட்டத்துக்கும் சம்ப் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். என் வீட்டில் அது சுமார் ஒரு மீட்டர். பெட்டியில் தண்ணீர் ஒரு செ.மீ. ஏறினாலும் குழாய் இறக்கும் அளவு அரை சதவீதம்தான் கூடும். பம்ப்பில் அதைவிடக் கொஞ்சம் அதிக வித்தியாசம் வந்தாலே பெட்டி நிறையத் தொடங்கிவிடும். இந்த ஆட்டத்தில் கையால் யாரும் ஜெயிக்க முடியாது.

முதல் வெள்ளம் கரண்ட் போனபோது வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினார்கள். பம்ப் நின்றதும், அது ஏற்றுகிற குழாயே தலைகீழாக சைஃபன் ஆகிவிட்டது. அதன் வாய் தொட்டிக்குள் நாலு இஞ்ச் ஆழத்தில் இருந்தது. என் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்றால் 5.4 லிட்டர். நாலு இஞ்சுக்கு சுமார் 55 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்த இடம் 51 லிட்டர். அதில் ஓவர்ஃப்ளோ பெட்டித் தண்ணீரும் சேர்ந்து இறங்கியது. மீதி எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா சாக்கைப் போட்டுத் துடைத்துக்கொண்டே என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு எல்போ (வளைவு இணைப்பு) வைத்து வாயை நீர்மட்டத்துக்கு அரை இஞ்ச் கீழே கொண்டு வந்தேன். மட்டத்தை ஒட்டியே குழாயில் ஒரு சின்ன ஓட்டையும் போட்டேன். மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுத்து சைஃபனை வெட்டிவிடும். இப்போது பம்ப் நின்றால் மொத்தம் 20 லிட்டருக்குள்தான் இறங்குகிறது. அந்த ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை: நத்தையும் பாசியும் அதை அடைத்துவிடும். மாதம் ஒரு முறை விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் குத்திவிடுகிறேன். இதை மறந்துவிட்டு, தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வை நம்புகிறவர்கள் உண்டு. எங்கள் ஊர் போர் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து, ஆறே மாதத்தில் என் நான்-ரிட்டர்ன் வால்வின் நாக்கு முழுதாக மூடவில்லை. கழற்றி எறிந்துவிட்டேன்.

இரண்டாவது வெள்ளம் ராத்திரியில். வலிஸ்நேரியா இலை ஒன்று நெரித்து வைத்த வால்வில் போய் மாட்டிக்கொண்டது. இறங்குவது நின்றது, பம்ப் நிற்கவில்லை. சம்ப்பில் பம்ப் நிற்கிற தடுப்பு அறையில் இருந்த 17 லிட்டரையும் மேலே ஏற்றிவிட்டு வறண்டு உறுமிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விழிப்பு வந்தது. 17 லிட்டர் தொட்டியில் மூன்று செ.மீ.க்குச் சற்று அதிகம். விளிம்புக்கு இருந்த இடைவெளி இரண்டரை. அந்த அரை செ.மீ. கூடத்தில்.

இந்த இரண்டு கணக்கையும் தொட்டி வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். பம்ப் நின்றால் இறங்குகிற தண்ணீர் சம்ப்பில் அடங்க வேண்டும். வடிகால் அடைத்தால் பம்ப் ஏற்றுகிற தண்ணீர் தொட்டியில் அடங்க வேண்டும். பம்ப் அறை மட்டத்தை இப்போது முன்பைவிடக் குறைத்து வைத்து பெர்மனன்ட் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். இதற்கு ஒரு விலை உண்டு. தடுப்பு வைத்த சம்ப்பில் ஆவியாவதெல்லாம் பம்ப் அறையில்தான் காட்டும். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் போகிறது, அந்த அறையில் அது இரண்டரை செ.மீ. மூன்று நாள் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்புறம் குழாயை மாற்றினேன். பெட்டியில் இரண்டாவது ஓட்டை. தொட்டியைக் காலி செய்து, கண்ணாடிக் கடைக்காரரையே வீட்டுக்கு வரவழைத்து, வைர முனை பிட்டால் தண்ணீர் ஊற்றி ஊற்றி நாற்பது நிமிடம் போட வைத்தேன். டஃபண்ட் கண்ணாடி (சூடாக்கிக் கடினமாக்கியது) என்றால் நினைத்தே பார்க்காதீர்கள், பொடிப்பொடியாகிவிடும். முதல் குழாய் முழுக்கத் தண்ணீராலேயே நிறைந்து ஓடும் சைஃபன். அதில் ஒரு கேட் வால்வு (பல சுற்றுத் திருப்பி மெல்ல மூடுவது). இரண்டாவது குழாய் பெட்டிக்குள் உயரமாக நிற்கும், வால்வே கிடையாது. முதல் குழாய் ஏறக்குறைய எல்லாத் தண்ணீரையும் இறக்கும்படி நெரித்து, மீதி நூலளவு மட்டும் இரண்டாவதின் வாயில் வழியும்படி விட்டால் போதும். பம்ப் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த நூல் தடிக்கும் அல்லது மெலியும். முதல் குழாய் முற்றிலும் அடைத்தால் மொத்தத்தையும் இரண்டாவதே இறக்கும். சித்தப்பா சொன்ன கலிங்கு இதுதான்.

பால் வால்வில் இந்த நூலைப் பிடிக்க முடியாது, தொட்டாலே அதிகமாகிவிடும். கேட் வால்வில் கால் சுற்று திருப்பிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீரை அன்றைக்கே கடைமடையில் தேடுகிற மாதிரி அவசரப்பட்டால் மறுபடியும் களக் களக்தான். ஹார்ட்வேர் கடையில் கேட்டால் பித்தளை கேட் வால்வை எடுத்துக் கொடுப்பார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, இறாலுக்கு ஆகாது. பிவிசியில் தேடி வரவழைத்தேன். விலை பால் வால்வைப் போல ஐந்து மடங்கு. வாங்கியதில் வருத்தமில்லை.

இன்னொன்று. வடிகால் குழாயின் முனையைச் சத்தம் கேட்கக்கூடாதென்று சம்ப்பில் அரை அடி ஆழத்துக்கு இறக்கிவிட்டேன். கரண்ட் திரும்பி வந்தால் குழாய்க்குள் மாட்டிய காற்று வெளியேற முடியாமல் சைஃபனே பிடிக்கவில்லை. முனையை வெட்டி ஒரு இஞ்ச் மட்டும் மூழ்கும்படி வைத்ததும், பம்ப் ஓடத் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அமைதி.

பம்ப் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. அது உயரமே இல்லாமல் ஓடும்போது. தொட்டி வரை ஏற்றிய பிறகு, பத்து லிட்டர் வாளி நிறைய எனக்கு 22 வினாடி ஆனது; அதாவது மணிக்கு 1600 சொச்சம். என் மீன்களுக்கு அது தாராளம். மூன்றாம் வருடம் மெல்லச் சத்தம் வரத் தொடங்கியது. வால்வைத் திருப்பிச் சரி செய்தேன், ஒரு வாரத்தில் மறுபடியும். வாளி வைத்துப் பார்த்தால் 29 வினாடி! பம்ப்புக்குள் சுழலுகிற இம்பெல்லரில் சுண்ணாம்பு. வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் 23-க்கு வந்தது, வால்வும் பழைய இடத்துக்கே திரும்பியது. அன்றிலிருந்து சத்தம் கேட்டால் வால்வைத் தொடுவதில்லை. முதலில் வாளியை எடுக்கிறேன்.

இரண்டடித் தொட்டிக்கு இதெல்லாம் வேண்டாம், விளிம்பில் தொங்கவிடுகிற ஒரு ஹேங்-ஆன் பில்டர் போதும். நாலடிக்கு மேல், மீன் நிறைய, ஓட்டை போட மனமும் இருந்தால் செய்யலாம். கரண்ட் பல நாள் வராத ஊர் இது. 2018 கஜா புயலுக்குப் பிறகு இரண்டு வாரம் இருட்டில் கிடந்தோம். அப்போதிருந்த சின்னத் தொட்டியில் ஒரு மீனும் மிஞ்சவில்லை. அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் சம்ப் பக்கத்திலேயே தொங்குகிறது. அடுத்த மாதம் பம்ப் அறைக்கு ஒரு சின்ன மிதவை வால்வு போட வேண்டும். சித்தப்பா வந்தால் அதற்கும் ஏதாவது சொல்வார்.