டர்பன் நார்த் பீச் பார்க்ரன்: இரண்டு வருடம் நடந்த பிறகு எழுதுகிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயிலில் என் வீட்டுக்காரர் குருக்கள். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து நாங்கள் இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. வந்த புதிதில் நான் 64 கிலோ. 2023 மார்ச்சில் டாக்டரிடம் எடை பார்த்தபோது 83. மூன்று மாத சர்க்கரை அளவு 6.3. இன்னும் சர்க்கரை வியாதி வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்துவிட்டது என்றார் டாக்டர். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் போனதை நான் கூடவே இருந்து பார்த்தவள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

முதலில் ஒரு ஜிம்மில்தான் சேர்ந்தேன். பேர் வேண்டாம். 24 மாத ஒப்பந்தம், மாதாமாதம் பாங்கிலிருந்து தானாகப் பணம் போய்விடும். ஆறு தடவை போயிருப்பேன். சுற்றிலும் கண்ணாடி, காதை அடைக்கிற பாட்டு, எந்த மெஷினை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆள் கிடையாது. நிறுத்திக்கொள்கிறேன் என்று போய்ச் சொன்ன பிறகும் நான்கு மாதம் பணம் எடுத்தார்கள். கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு அக்காதான் விவரம் சொன்னார்: இந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 20 வேலை நாள் முன்னால் எழுத்தில் கொடுத்தால் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நடுவிலேயே முடித்துக்கொள்ளலாம். நியாயமான ஒரு தொகை மட்டும் அவர்கள் கேட்கலாம். நான் வாயால் சொன்னதோடு விட்டுவிட்டேன். நீங்கள் எழுத்தில் கொடுங்கள்.

பார்க்ரன் பற்றிச் சொன்னதும் அதே அக்காதான். சனிக்கிழமை காலை, கடற்கரை நடைபாதையில் 5 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம். ஒரு சென்ட் கொடுக்க வேண்டாம். 2004இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடி ஆரம்பித்தது இது. தென்னாப்பிரிக்காவுக்கு 2011இல் கொண்டுவந்தவர் புரூஸ் ஃபோர்டைஸ், காம்ரேட்ஸ் மாரத்தானை ஒன்பது தடவை ஜெயித்தவர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடுகிற அந்தப் பந்தயத்தைப் பற்றி இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் பேரைக் கேட்டதும் எனக்குப் பயம்தான் வந்தது. அங்கே எல்லாரும் ஓட்டக்காரர்களாக இருப்பார்கள், சல்வாரில் போய் நான் என்ன செய்வது என்று.

முதல் சனிக்கிழமை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கடலிலிருந்து சூரியன் மேலே வந்திருந்தது. நடைபாதை முழுக்கக் கூட்டம். தள்ளுவண்டியில் குழந்தை, கயிற்றில் நாய், பேரனைக் கையில் பிடித்த தாத்தா. புதிதாக வந்தவர்களைத் தனியே கூப்பிட்டு விதிகளைச் சொன்னார்கள். அப்புறம் எல்லாரும் கிளம்பினார்கள், நானும் நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் முன்னால் போனவர்கள் திரும்பி எதிரே வர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, இடது முழங்கால் குத்தியது. ஓரமாக நின்று, இப்படியே கார் பக்கம் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு ஜூலு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும், பளிச்சென்ற தொண்டர் மேல்சட்டை போட்டிருந்தார். "வோஸா, மாமா, வோஸா" என்றார். ஜூலு மொழியில் வோஸா என்றால் வா, மாமா என்றால் அம்மா என்று எனக்குத் தெரியும், மார்க்கெட்டில் கேட்டிருக்கிறேன். அவர்தான் அன்றைக்குக் கடைசியாக நடந்து வரும் தொண்டர். எந்தப் பார்க்ரனிலும் இப்படி ஒருவர் எல்லாருக்கும் பின்னால் வருவார். அதனால் வந்தவர்களில் யாரும் கடைசி ஆளாக மாட்டார்கள், யாரையும் விட்டுவிட்டுக் கலைந்து போகவும் மாட்டார்கள். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பக்கத்தில் நடந்தார், அவ்வளவுதான். 1 மணி 4 நிமிடத்தில் முடித்தேன். முடிகிற இடத்தில் அப்போதும் ஆட்கள் நின்று கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடைமுறை சுலபம். இணையத்தில் ஒரு தடவை பதிந்தால் உங்களுக்கென்று ஒரு பார்கோடு வரும். முடிக்கிறபோது எண் போட்ட ஒரு சின்ன வில்லை தருவார்கள். உங்கள் பார்கோடையும் அந்த வில்லையையும் சேர்த்து ஸ்கேன் செய்வார்கள். வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நேரம் அன்றைக்கே மின்னஞ்சலில் வந்துவிடும். பார்கோடு இல்லாமல் போனால் நடக்கலாம், ஆனால் நேரம் பதிவாகாது. இரண்டு தடவை மறந்துவிட்டுப் போனேன். இப்போது காகிதத்தில் அச்சடித்து, லாமினேட் செய்து, வண்டிச் சாவியோடு மாட்டிவைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். நடந்ததால் மட்டும் என் எடை குறையவில்லை. முதல் மூன்று மாதத்தில் ஒரு கிலோகூட இறங்கவில்லை. கணக்குப் பார்த்தால் காரணம் புரிகிறது. என் எடைக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும். நடந்து முடித்ததும் எங்கள் கூட்டம் பீன்ஸ் பன்னி சௌ சாப்பிடப் போகும். ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பை நிரப்பித் தருவதுதான் அது. கால் பன்னி என்றால் 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு. குழம்பை விட்டுவிட்டு ரொட்டியை மட்டும் பார்த்தாலே 400 கலோரிக்கு மேல். நடந்ததைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்து உபயதாரர்கள் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் மிஞ்சும். பிரசாதத்தை வீணாக்க மனசு வராது. ராத்திரி ஒன்பதரைக்கு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன். இத்தனை வருடம் ஏறிய எடையில் பெரும்பங்கு அங்கேதான் ஏறியது என்று இப்போது நினைக்கிறேன். பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் மாட்டேன். அதனால் கல்யாணச் சீரில் வந்த சின்ன வெள்ளிக் கிண்ணம் ஒன்றை எடுத்துவைத்தேன். குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டுகிற அளவு. பொங்கல் அந்தக் கிண்ணத்தில் ஒரு தடவை, உட்கார்ந்து, சுண்டல் சாப்பிட்ட பிறகு. மீதியை அன்றே டப்பாக்களில் போட்டு, வந்தவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வெள்ளிக்கிழமையே கிடையாது.

சனிக்கிழமை இப்போது பன்னி கிடையாது. கடற்கரையிலிருந்து நேராக சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போகிறோம். முளைக்கீரை, அவரை, முருங்கைக்காய், இங்கே மடும்பி என்று சொல்கிற சேப்பங்கிழங்கு, எல்லாம் அங்கே கிடைக்கும். மடும்பி செய்கிற அன்று சாதத்தைப் பாதியாக்கிவிடுவேன், இரண்டும் மாவுச்சத்துதானே. முன்பு எங்கள் இரண்டு பேருக்கும் நாளுக்கு இரண்டு டம்ளர் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது ஒன்று. குறைந்த இடத்தைக் கீரையும் பீன்ஸும் நிரப்புகின்றன. அவர் முதலில் முணுமுணுத்தார், இப்போது அவருக்கும் வேஷ்டி தளர்வாக இருக்கிறது.

நடுவாரத்தில் இரண்டு நாள், கோயில் பிரகாரத்தில் அரை மணி வேகமாகச் சுற்றுகிறேன். அதுவும் சேர்ந்ததால்தான் முழங்கால் வலி போனது.

இன்று எடை 71. சர்க்கரை 5.7. இதுவரை 61 பார்க்ரன். நேரம் 50 நிமிடத்துக்குள் வந்துவிட்டது, கடைசி ஒரு கிலோமீட்டரில் மெல்ல ஓடவும் செய்கிறேன். 50 தடவை முடித்தவர்களுக்கென்று ஒரு சிவப்புச் சட்டை இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும். என் பெண் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சீக்கிரம் போங்கள், வண்டி நிறுத்தும் இடம் நிரம்பிவிடும். டிசம்பர், ஜனவரியில் புழுக்கம் தாங்காது, தண்ணீர் கையில் இருக்கட்டும். செருப்போடு நடக்காதீர்கள், நான் அப்படி நடந்துதான் குதிகால் வலியை வாங்கிக்கொண்டேன். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை நான் என் நேரத்துக்காக நடக்கவில்லை. கடைசியாக வரும் தொண்டராக என் பேரைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் கோயிலில் பூக்கட்டும் மூன்று பேர் முதல் தடவையாக வருகிறார்கள். அவர்களுக்கும் பார்கோடு அச்சடித்து, லாமினேட் செய்து, பூஜை அறை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.