வன்னி வெக்கையில் சீபாப் இயந்திரத்தோடு

நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்காக 2021 கடைசியில் சீபாப் (CPAP) இயந்திரம் பாவிக்கத் தொடங்கினேன். குழாயாலும் மாஸ்க்காலும் காற்றை அழுத்தி அனுப்பி, நித்திரையில் தொண்டை அடைபடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. இன்றும் அது இல்லாமல் படுப்பதில்லை. இணையத்தில் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை நினைத்து எழுதியவை. கச்சான் காற்றும் செம்மண் புழுதியும் நுளம்பும் உள்ள கிளிநொச்சி வீட்டில் இதோடு எப்படிப் படுப்பது என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

குறட்டை பல வருடமாக இருந்தது. "இஞ்சேருங்கோ, மூச்சு விடுறியள் இல்லை" என்று மனைவி தட்டி எழுப்பத் தொடங்கிய பிறகுதான் பயம் வந்தது. பகலில் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடும்போதே கண் சொக்கும். கொழும்பில் நித்திரைப் பரிசோதனை செய்தார்கள். மூச்சு பத்து செக்கனாவது நின்றால், அல்லது நன்றாகக் குறைந்தால், ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு ஐந்துக்குக் கீழே என்றால் பயமில்லை, முப்பதைத் தாண்டினால் கடுமை. எனக்கு 38 வந்தது.

இயந்திரம் கனடாவில் இருக்கும் மச்சான் பாவித்தது. அவர் புதிது எடுத்ததும் பழையதை அனுப்பினார். வெளிநாட்டில் இருந்து இப்படி வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் பஞ்சு சிதைகிறது என்று பல மாடல்களைத் திருப்பி அழைத்தது. ஆகவே மாடலையும் தொடர் இலக்கத்தையும் சரிபாருங்கள். மற்றது, உள்ளே இருக்கும் அழுத்த அளவு முன்பு பாவித்தவருடையது. உங்கள் டொக்டர் மாற்றித் தராமல் போடவே கூடாது. மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அடப்டரில் 100–240 வோல்ற் என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

பழகுவதில் பெரிய வேலை மாஸ்க்தான். கச்சான் காலத்தில் முகம் வியர்த்து சிலிக்கன் வழுக்கும், ஓரத்தால் காற்று சீறிக் கண்ணில் அடிக்கும். உடனே பட்டியை இறுக்கத்தான் கை போகும். இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும், கசிவும் நிற்காது. படுத்துக்கொண்டு, இயந்திரம் ஓடும்போது, பட்டியைத் தளர்த்தி மாஸ்க்கை ஒருமுறை முகத்தில் இருந்து தூக்கி விட்டால் அது தானாகவே சரியாக அமரும். இதைக் கண்டுபிடித்த பிறகே முழு இரவும் படுத்தேன். படுக்கப் போக முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் ஒன்றும் ஒட்டாது. தொடக்கத்தில் பின்னேரம் ரிவி பார்க்கும்போதே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இருந்தேன். முழித்திருக்கும்போது பழகியது இரவில் நன்றாகவே உதவியது.

அடுத்தது நுளம்புவலை. குழாயை வலைக்கு அடியால் விட்டால் இடைவெளி விழுந்து நுளம்பு உள்ளே வந்துவிடும். தையல்காரரிடம் கொடுத்து, தலைப்பக்கம் சட்டைக் கை மாதிரி ஒரு துண்டு தைத்து, முனைக்கு இலாஸ்ரிக் போட்டுக்கொண்டேன். குழாய் அதற்குள்ளால் மேலிருந்து வரும். புரண்டு படுத்தாலும் இழுபடாது.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். கொதிக்க வைத்தாலும், காற்றை ஈரமாக்க இயந்திரத்தில் இருக்கும் ஈரப்பதன் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். காய்ச்சி வடித்த தண்ணீர் (distilled water) வாங்கித்தான் ஊற்றுகிறேன். மாரி காலத்தில் ஈரப்பதனைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் கட்டிக் கொறகொற என்று சத்தம் வரும். புழுதிக் காலத்தில் வடிகட்டி சீக்கிரமே மண்ணிறமாகும். ஆறு மாதம் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் நான் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முட்டாது. வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில், காற்று நின்றதும் தானாகத் திறக்கும் வால்வு உண்டு. எழும்பிக் கழற்றினால் சரி. ஆனால் அந்த இரவுக்குப் பாதுகாப்பு இல்லை. 2022இல் 13 மணி நேர மின்வெட்டு வரை போனபோது சூரியசக்தி பற்றரி ஒன்று வாங்கினேன். மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிப்பது ஈரப்பதன் சூடாக்கிதான். அதை நிறுத்திவிட்டு, இயந்திரத்துக்கு உரிய நேர்மின் (DC) வயரில் கொடுத்தால் பற்றரி விடியும்வரை தாங்கும். நேரடியாக வாகனப் பற்றரியில் கொழுவாதீர்கள், சில மாடல்களுக்கு 24 வோல்ற் வேண்டும்.

இப்போது இயந்திரத்தின் திரையில் காலையில் தெரியும், மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்ற எண்ணிக்கை மூன்றைத் தாண்டுவது அபூர்வம். காலைத் தலையிடி போய்விட்டது, வயலுக்குப் போய் வந்த பிறகும் கண் சொக்குவதில்லை. வாடைக்காற்று தொடங்கி மூக்கடைக்கும் நாட்களில் மட்டும் இன்னும் கஷ்டம். உப்புநீர் மருந்தை மூக்குக்கு அடித்துவிட்டுப் படுப்பேன்.

இன்னுமொன்று. எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து டொக்டரிடம் இந்த நோய் இருப்பதை முதலே சொல்லுங்கள், இயந்திரத்தையும் கொண்டுபோங்கள். மயக்கம் தெளியும் நேரத்திலும் தொண்டை தளர்ந்து மூச்சு அடைக்கப் பார்க்கும்.